பெய்ஜிங்கா, ஹார்பினா, தைபேயா: சீன மொழி படிக்க எந்த ஊருக்குப் போவது?

போன மாதம் அக்கா மகள் போனில் கேட்டாள்: "சித்தி, ஒரு வருஷம் கையில் இருக்கு. பெய்ஜிங் போகட்டுமா, தைபே போகட்டுமா?" கல்லூரி முடித்துவிட்டாள். சென்னையில் வார இறுதி வகுப்புக்குப் போய் முந்நூறு எழுத்து வரை படித்து வைத்திருக்கிறாள். ஒரு மணி நேரம் பேசியும் நான் சொல்ல நினைத்ததில் பாதிகூட முடியவில்லை. பெய்ஜிங்கில் ஒரு வருஷமும் அதற்குப் பிறகு தைவானின் தலைநகர் தைபேயில் இரண்டு பருவமும் படித்தவள் நான். அவளுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருக்கக்கூடும்.

இப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களின் தரவரிசையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். மொழி படிக்கப் போகிறவருக்கு அந்தப் பட்டியல் அவ்வளவாக உதவாது. காலையில் வகுப்பு. முந்தைய நாள் சொற்களுக்கு 'திங்ஷியே' என்கிற சொல்வதெழுதுதல், புதுப் பாடம், வாசிப்பு, உரையாடல். இது எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான், நல்ல ஆசிரியர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் மாறுவது வகுப்பு விட்ட பிறகுள்ள நேரம். மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவீர்கள்? சாயங்காலம் எந்த மொழி காதில் விழும்? இரவு விடுதிக்குத் திரும்பினால் பக்கத்து அறைக்காரர் எந்த மொழியில் பேசுவார்? ஒரு வருஷத்தில் ஒருவர் எவ்வளவு முன்னேறுகிறார் என்பது இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் நம் காதுக்கென்று உள்ள ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊர்களை வரிசைப்படுத்துவதே இதை வைத்துத்தான்.

சீனம் என்றாலே தொனியைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். 'மாய்' என்பதைத் தாழ்த்தி மெல்ல ஏற்றினால் வாங்குவது, மேலிருந்து வெட்டினாற்போல் இறக்கினால் விற்பது. கஷ்டம்தான். ஆனால் தொனி இல்லாத மொழிக்காரர் எல்லாருக்கும் அந்தக் கஷ்டம் உண்டு, ஆசிரியர்கள் அதற்கென்றே பயிற்சி வைத்திருக்கிறார்கள். தமிழருக்கென்று தனியாக உள்ள சிக்கல் மூச்சு. வயிறு, முயல் என்ற இரண்டு சொற்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் தொனி ஒன்றே, தமிழில் எழுதினால் இரண்டும் 'தூட்ஸ' என்றுதான் வரும். முயலைச் சொல்லும்போது அந்தத் 'த' ஒலியோடு மூச்சு வெளியே பாய வேண்டும், வயிற்றைச் சொல்லும்போது பாயக் கூடாது. இந்தியோ தெலுங்கோ மலையாளமோ எழுதப் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு எழுத்திலேயே பழகியிருக்கும். நமக்கு ஒரே த, ஒரே ப, ஒரே க. ஆகவே சீனச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் எழுதுவதெல்லாம் பெயர் தெரிந்துகொள்ள மட்டும்.

இன்னொரு பக்கம், நாக்கை மடிப்பது நமக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. 'மனிதன்' என்பதற்கான சீனச் சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. வடக்கத்திச் சீனத்தில் நாக்கு மடிக்கும் ஒலிகள் தெளிவாகக் கேட்கும். தெற்கே போகப் போக, தைவானிலும், பலர் நாக்கை மடிக்காமலே பேசிவிடுவார்கள். நான்குக்குச் 'ஸ', பத்துக்கு 'ஷ' என்று பாடப்புத்தகம் சொல்லும். சந்தையில் இரண்டும் 'ஸ' ஆகி, தொனியை மட்டும் வைத்துப் பதினாலா நாற்பதா என்று பிரிக்க வேண்டியிருக்கும். காது பழகியவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. முதல் மாதத்தில் இருப்பவருக்கு இது பெரிய குழப்பம்.

இதனால்தான் ஆரம்பத்தில் இருப்பவர்களை வடக்கே போகச் சொல்கிறேன். வடக்கு என்றால் உடனே பெய்ஜிங் என்று அர்த்தம் இல்லை.

பெய்ஜிங்கில் மொழி மாணவர்கள் குவிகிற இடம் ஹைதியன் பகுதியிலுள்ள வூதாவ்கோவ். வெளிநாட்டவருக்குச் சீனம் கற்பிக்கவென்றே 1962-இல் தொடங்கிய பெய்ஜிங் மொழி மற்றும் பண்பாட்டுப் பல்கலைக்கழகம் அங்கேதான். பீக்கிங் பல்கலைக்கழகமும் சிங்ஹுவாவும் சைக்கிள் தூரம். இளைஞர்கள் அந்த இடத்தைப் 'பிரபஞ்சத்தின் மையம்' என்றே செல்லமாகச் சொல்வார்கள். படிக்க வேண்டிய எல்லாமே அங்கே இருக்கிறது. புத்தகக் கடைகள் உண்டு, தேர்வுப் பயிற்சி உண்டு. உங்கள் மொழியைக் கற்றுக்கொண்டு தன் மொழியைக் கற்றுத்தரும் 'யூபான்' என்கிற மொழித் துணையும் கிடைப்பார். ஆனால் புதிதாகப் போகிறவருக்கு அங்கே ஒரு பொறி இருக்கிறது. பல சீனப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி விடுதி. சீன மாணவர்கள் வேறு கட்டடத்தில் இருப்பார்கள். உங்கள் மாடியில் கொரியர், தாய்லாந்துக்காரர், கஜகஸ்தான்காரர், ஆப்பிரிக்க மாணவர்கள். எல்லாருக்கும் பொதுவாக அரைகுறை ஆங்கிலம். நம் ஊர் மருத்துவ மாணவர்கள் நாலு பேர் இருந்துவிட்டால் தமிழிலேயே பொழுது போய்விடும். என் முதல் மூன்று மாதம் அப்படித்தான் போனது. வகுப்பில் நல்ல மதிப்பெண், தெருவில் வாய் திறக்க வரவில்லை.

இரண்டாம் வருஷம் போகிறவருக்குப் பெய்ஜிங் வேறு ஊர். நடுத்தர நிலை தாண்டிவிட்டால் அங்கே கேட்கப் போகும் இடங்களுக்கு முடிவே இல்லை: பல்கலைக்கழக உரைகள், பீக்கிங் ஓபரா அரங்குகள், பூங்காவில் காலையில் கூடிப் பாடுகிற பெரியவர்கள். அரண்மனை அருங்காட்சியகத்தில் இருப்பவை மட்டும் 18 லட்சத்துக்கு மேல். பழைய ஹூதோங் சந்துகளில் சொல்லுக்குக் கடைசியில் நாக்கைச் சுருட்டிப் பேசுகிற பெய்ஜிங் பேச்சு கேட்கும். அது அழகு, ஆனால் அதுவே பொதுச் சீனம் இல்லை. சென்னைப் பேச்சைத் தமிழ்ப் பாடமாக யாரும் வைக்க மாட்டார்கள் அல்லவா, அதுபோல. பொதுமொழியின் உச்சரிப்பைப் பதிவு செய்ய 1953-இல் மொழி ஆய்வாளர்கள் போனதுகூடப் பெய்ஜிங் சந்துகளுக்கு இல்லை, ஹெபெய் மாகாணத்து லுவான்பிங் என்கிற சின்ன ஊருக்கு.

சரி, ஆரம்பத்துக்கு எங்கே? என் பதில் ஹார்பின். வடகிழக்கின் ஓரத்தில், 1898-இல் ரஷ்யர்கள் ரயில் பாதை போட வந்தபோது வளர்ந்த ஊர். ஊர்க்காரர்களுக்குச் சில வட்டாரச் சொற்கள் உண்டு, ஆனால் உச்சரிப்பு பொதுச் சீனத்துக்கு மிக நெருக்கம். கடைக்காரரிலிருந்து டாக்ஸி ஓட்டுநர் வரை பாடப்புத்தகத்தில் கேட்டதைப் போலவே பேசுவார்கள், அதுவும் உரக்க, நிறையப் பேசுவார்கள். நீங்கள் தப்பாகச் சொன்னால் 'என்ன சொன்னாய்?' என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். முதலில் வலிக்கும். மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட வைப்பது அந்தக் கேள்விதான். ஆங்கிலம் பேசுகிறவர்கள் பெய்ஜிங்கைவிடக் குறைவு, வாடகையும் சாப்பாடும் மலிவு.

தடை ஒன்றுதான், குளிர். ஜனவரியில் இரவு வெப்பநிலை சாதாரணமாக மைனஸ் 20-க்குக் கீழே போகும். ஆனால் தமிழ்ப் பெற்றோர்கள் பயப்படுகிற அளவுக்கு அது பயங்கரம் இல்லை. சீனாவின் வடபாதியில் குளிர்காலம் முழுக்கக் கட்டடங்களுக்கு மையச் சூடேற்றம் உண்டு. பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை, ஹார்பினில் அக்டோபர் பாதியிலேயே தொடங்கிவிடும். அறைக்குள் அரைக்கைச் சட்டையோடு இருக்கலாம். தெற்கே அந்த வசதி கிடையாது. வெளியே எட்டு டிகிரி, அறைக்குள்ளும் எட்டு டிகிரி, நாள் முழுக்கக் கை விறைத்தபடி எழுத்துப் பயிற்சி செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்து குளிரைப் பற்றி அதிகம் புலம்பியவர்கள் தெற்கே படித்தவர்கள்தான்.

இனி தைபே. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் அந்த ஊர்மேல் எனக்குப் பாசம் அதிகம். அப்படி இருந்தும் முதல் ஊராக நான் அதைச் சொல்வதில்லை.

தைவான் தேசிய நார்மல் பல்கலைக்கழகத்தின் மொழி மையம் 1956-இலிருந்து வெளிநாட்டவருக்குக் கற்பிக்கிறது. தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஐசிஎல்பி என்று இன்னொரு பயிற்சி இருக்கிறது. சின்னச் சின்ன வகுப்பு, கடுமையான உழைப்பு, கட்டணமும் பல மடங்கு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தம் ஆய்வு மாணவர்களை அனுப்ப 1963-இல் அங்கே ஏற்படுத்திய மையம் 1997-இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவாவுக்குப் போய்விட்டது. தைபேயில் மிஞ்சியது ஐசிஎல்பி ஆனது. ஆய்வு செய்யப் போகிறவர், பண உதவி உள்ளவர், ஏற்கெனவே நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் அதை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு நார்மல் பல்கலைக்கழகமே போதும். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப் பருவம் தொடங்குவதால், செப்டம்பரைத் தவறவிட்டால் அரை வருஷம் காத்திருக்க வேண்டிய தொல்லை இல்லை.

தைபேயில் மொழி மாணவர்கள் பெரும்பாலும் அறையைத் தாங்களே தேட வேண்டும். குளியலறை பொதுவாக இருந்தால் 'யாஃபாங்', தனியாக இருந்தால் 'தாவ்ஃபாங்'. இந்தத் தேடலே ஒரு மாதப் பாடம். வீட்டுக்காரர், கீழ்வீட்டுப் பாட்டி, காலையில் சோயாப் பால் விற்கிறவர் என்று தெரு முழுக்கச் சீனம் பேச ஆள் உண்டு. பிரச்சினை அவர்களுடைய நல்ல குணத்தில் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு தப்பாகப் பேசினாலும் 'எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள்' என்பார்கள். திருத்த மாட்டார்கள். இளைஞர்கள் உங்கள் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். உச்சரிப்பு உறுதியானவருக்கு இந்த அன்பு ஊக்கம் தரும். உறுதியாகாதவரின் தப்பு அப்படியே இறுகிவிடும்.

எழுத்து விஷயமும் இங்கே வருகிறது. சீனா 1956-இலிருந்து எழுத்துகளை எளிமையாக்கிவிட்டது. தைவானில் பழைய முழு வடிவம். கேட்பது என்பதற்கான எழுத்து முழு வடிவில் காதை வைத்துக் கட்டியது. எளிய வடிவில் காது போய் வாய் வந்திருக்கிறது. நூடுல்ஸுக்கும் முகத்துக்கும் உச்சரிப்பு ஒன்றே என்பதால் எளிய முறையில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. முழு வடிவில் நூடுல்ஸின் பக்கத்தில் கோதுமை நிற்கும். கோடுகள் கூட, ஆனால் ஏன் இப்படி என்று மனதில் நிற்கும். முழு வடிவம் படித்தவர் எளிய வடிவத்துக்கு மாறுவது எதிர்த்திசையில் மாறுவதைவிடச் சுலபம் என்பது என் அனுபவம். பழைய இலக்கியம், கல்வெட்டு, ஓவியம் என்று பண்பாட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு முழு வடிவம் இல்லாமல் முடியாது.

உச்சரிப்பை எழுதும் முறையும் வேறு. சீனாவில் 1958-இல் வந்த பின்யின், ரோமன் எழுத்து. அதைப் பார்த்ததும் நம் வாய் ஆங்கில ஒலிக்குத் தாவிவிடும். தைவான் பிள்ளைகள் படிப்பது 37 குறியீடுகள் கொண்ட ஜூயின், 'போ போ மோ ஃபோ' என்று தொடங்கும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தக் குறியீட்டுக்கு நம் மனதில் முன்பே ஒரு ஒலி இல்லை என்பதால் சரியான ஒலி நேராகப் போய் உட்காரும். எங்கே படித்தாலும் ஒரு வாரம் ஒதுக்கி இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

சொற்களும் ஊருக்கு ஊர் மாறும். பெய்ஜிங்கில் 'தூதோவ்' உருளைக்கிழங்கு, தைவானில் அதே சொல் வேர்க்கடலை. குப்பைக்குச் சீனாவில் 'லாஜி', தைவானில் அதே எழுத்துகளை 'லஸ' என்பார்கள். யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் நடுவே நாம் பழகியதுதான், இதற்காக எந்த ஊரையும் தள்ள வேண்டாம்.

சைவ உணவுக்காரருக்கு மட்டும் என் வரிசையே மாறும். தைவானில் புத்த மரபால் சைவ உணவகங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பல கடைகளின் பலகையில் ஸ்வஸ்திக் குறி இருக்கும், தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். தட்டில் வேண்டியதை எடுத்து எடை போட்டுக் காசு கொடுக்கலாம். சில கடைகளில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. வடசீனாவில் 'காய்கறி மட்டும்' என்று சொன்ன பிறகும் கத்தரிக்காய்க்குள் கொத்துக்கறி வரும். முட்டைகூடச் சாப்பிடாதவர் ஹார்பினில் ஒரு வருஷம் அறையிலேயே சமைக்க வேண்டியிருக்கும். தினமும் அந்தக் கவலையோடு மொழி படிப்பது கஷ்டம். அவர்கள் தைபேக்கே போகட்டும், உச்சரிப்புக்குத் தனி ஆசிரியர் வைத்துக்கொள்ளட்டும்.

பண்பாடுதான் முக்கியம் என்கிறவர்களுக்கு இன்னொரு ஊர் இருக்கிறது, தமிழர்களிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. ஃபூஜியன் கடற்கரையில் சுவான்சௌ. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம் வணிகர்கள் அங்கே குடியிருந்து சிவன் கோயில் கட்டினார்கள். குப்லாய் கான் ஆட்சிக் காலத்தில், 1281-இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது, கடைசியில் சீன எழுத்தும் உண்டு. கோயிலின் சிற்பங்களைக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கையுவான் புத்த கோயிலின் பின்மண்டபத்தில் அந்தக் கோயிலின் இரண்டு தூண்கள் இன்னும் கூரையைத் தாங்கி நிற்கின்றன. ஒரு தூணுக்கு முன்னால் நின்று சிற்பங்களைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. படிக்கச் சியாமென் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். சிங்கப்பூர் வணிகர் தான் கா கீ 1921-இல் தொடங்கிய கல்வி நிலையம் அது, கடலோரம். சுவான்சௌவுக்கு அதிவேக ரயிலில் அரை மணி சொச்சம். ஆனால் அந்த ஊர்க்காரர் வீட்டில் பேசுவது மின்னான். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஹொக்கியன் என்பார்களே, அது. பொதுச் சீனம் பேசும்போதும் அந்தச் சாயல் இருக்கும். ஆகவே இது இரண்டாம் வருஷத்துக்கு. மலேசியாவில் சீனத் தொடக்கப் பள்ளியில் படித்து வந்த தமிழர்கள் முதல் வருஷத்தைத் தாண்டி நேரே இங்கே வரலாம்.

சிங்கப்பூரிலேயே படிக்கலாமே என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அங்கே ஆங்கிலமே எல்லா வேலையையும் முடித்துவிடும்.

பணம், காகித வேலை பற்றிச் சுருக்கமாக. சீன அரசின் உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதி இரண்டும் இலவசம். மாதப் பணம் படிப்பைப் பொறுத்து 2,500 முதல் 3,500 யுவான் வரை. தைவானின் ஹுவாயூ உதவித்தொகை பல ஆண்டுகளாக மாதம் 25,000 தைவான் டாலர் என்றிருந்தது. கல்விக் கட்டணமும் வாடகையும் அதிலிருந்தே போக வேண்டும், வாரம் 15 மணி நேர வகுப்புக் கட்டாயம். கையில் மிஞ்சுவது சீனாவில்தான் அதிகம். தென்னிந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குத் தைவான் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. சீனத் தூதரகம் தில்லியில், துணைத் தூதரகங்கள் மும்பையிலும் கொல்கத்தாவிலும். சீனாவுக்கு 180 நாளுக்கு மேல் படிக்கப் போகிறவருக்கு எக்ஸ்1 என்கிற மாணவர் விசா. போய்ச் சேர்ந்த 30 நாளுக்குள் வசிப்பு அனுமதி வாங்கிவிட வேண்டும், இதில் அசட்டையாக இருக்காதீர்கள்.

அப்புறம், வீட்டோடு பேசுவது. சீனாவில் வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் நேராக வராது. அங்கே எல்லாமே வீசாட் என்கிற செயலி. ஆனால் இந்தியாவில் 2020 ஜூனில் வீசாட்டைத் தடை செய்துவிட்டார்கள். அதாவது மகள் வைத்திருப்பது அம்மாவிடம் இல்லை, அம்மா வைத்திருப்பது மகளுக்கு வராது. இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் வாட்ஸ்அப் வேலை செய்யும், அதற்கு மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள். இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அம்மாவின் போனில் வீசாட்டைப் போட்டுக் கொடுத்தால் போதும். 2020 முதல் 2022 வரை சீன எல்லை மூடியிருந்தபோது இருபதாயிரத்துக்கு மேற்பட்ட இந்திய மாணவர்கள் திரும்பிப் போக முடியாமல் வீட்டிலேயே இருந்தார்கள். அந்த நினைவு பெற்றோர்களுக்கு இன்னும் இருக்கிறது. இரு நாட்டு உறவு கெட்டால் முதலில் அடிபடுவது மாணவர்கள்தான் என்ற அவர்களது பயத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

வேலை? கொழும்பு துறைமுக நகரம், அம்பாந்தோட்டை என்று பார்க்கிற இலங்கையருக்குச் சீனாவும் அதன் எச்எஸ்கே என்கிற மொழித் தேர்வும் பொருந்தும். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான், செய்யாறில் ஃபெங் தாய் காலணித் தொழிற்சாலை, இரண்டும் தைவான் நிறுவனங்கள். அங்கிருந்து வரும் பொறியாளர்கள் முழு வடிவ எழுத்தில்தான் குறிப்பு எழுதுவார்கள், நாக்கை மடிக்காமல்தான் பேசுவார்கள். மொழிபெயர்ப்பாளராக அங்கே போக நினைப்பவர் தைபேயில் ஒரு பருவமாவது இருந்து வருவது நல்லது.

அக்கா மகளுக்குக் கடைசியில் சொன்னது இதுதான்: முதல் எட்டு மாதம் ஹார்பின், விடுதியில் முதல் பருவம் மட்டும், அடுத்த பருவம் சீனக் குடும்பத்தோடோ சீன மாணவிகளோடோ அறை. அதன் பிறகு கையில் காசு இருந்தால் ஜூன் பருவத்துக்குத் தைபே. பெய்ஜிங்கை முதுகலைக்கு வைத்துக்கொள். அவள் அசைவம் சாப்பிடுவாள், அதனால் இப்படிச் சொல்ல முடிந்தது. அக்காவுக்குத்தான் மைனஸ் 20 என்ற எண் தொண்டையில் சிக்கிக்கொண்டது. தினமும் ஒரு கம்பளிச் சட்டை வாங்கி அடுக்குகிறாள். அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும் அக்கா, சென்னையில் கிடைக்கிற எதுவும் ஹார்பின் குளிருக்குக் காணாது என்று நேற்றும் சொன்னேன். பெட்டியில் அந்த இடத்துக்குப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.